வேலிக்கொடி யாரைக் காத்தது

தையல் எந்திரத்தின் மேசையில், நூற்கண்டுகளுக்கு நடுவே ஒரு தம்ளர் இருந்தது. அதன் அடியில் பச்சை வண்டல் படிந்திருந்தது. தங்கை அதை எடுத்து முகர்ந்தாள். முகர்ந்துதான் அறிய வேண்டும் என்பதில்லை. அந்த வாடை அவளுடைய ஆய்வக மேலங்கியில் நிரந்தரமாகக் குடியேறியிருந்தது.

“அக்கா, இது என்ன?”

“தெரியாத மாதிரி கேக்குறியே. உன் இலைதான்.” அக்கா ஒரு சட்டைக் கையின் ஓரத்தை மடித்து ஊசி குத்திக்கொண்டே சொன்னாள். “உன் மாமா தினமும் காலையில காய்ச்சித் தர்றார். அப்படி ஒரு கசப்பு. கல்யாணமான புதுசுல கூட இவ்வளவு அக்கறையா எதையும் கையில குடுத்ததில்ல.”

“எப்பலேர்ந்து?”

“ரேடியேஷன் ஆரம்பிச்ச அன்னிலேர்ந்து. ஒரு நாள் விடல.”

தங்கை தம்ளரை மேசையில் அது பதித்திருந்த ஈர வட்டத்தின் மேலேயே திரும்ப வைத்தாள். நேர்த்தி அவளுடைய பழக்கம். எதையும் இருமுறை எடை போடாமல் விடமாட்டாள் என்பதால் ஆய்வகத்தில் அவளுக்குத் ‘தராசு’ என்று பெயர். அன்று அந்தத் தராசின் முள் ஆடத் தொடங்கியது; அதன்பின் பல நாள் அது நிற்கவில்லை.

அக்காவின் மார்பிலிருந்த கட்டியை அறுவை செய்து எடுத்துவிட்டார்கள். எஞ்சியிருக்கக்கூடிய புற்றுச் செல்களை அழிப்பதற்காக, மருத்துவமனையின் அடித்தளத்து அறை ஒன்றில் அவளுக்குக் கதிர்வீச்சு கொடுத்து வந்தார்கள். கதிர் விழ வேண்டிய இடத்தைத் தோலின் மேல் மையால் கோடிட்டிருந்தார்கள். தையல்காரியான அக்கா அந்தக் கோடுகளைப் பார்த்து, “நாங்க வெட்டுறதுக்கு முன்னாடி குறிப்போம். நீங்க வெட்டிட்டுக் குறிக்கிறீங்க. இந்த லட்சணத்துல தச்சா துணி குடுத்தவங்க சும்மா விடுவாங்களா?” என்று கேட்டு, கோடு போட்ட பெண்ணைச் சிரிக்க வைத்தவள்.

தங்கையின் ஆராய்ச்சி, வேலியோரங்களில் தானாகப் படரும் ஒரு கொடியைப் பற்றியது. ஆய்வகத்தில் அதை வேலிக்கொடி என்றே அழைத்தார்கள். அதன் இலைச்சாற்றில் ஊறிய இரத்தச் செல்களை நச்சு நீர்மத்தில் இட்டால், அவற்றின் உள்ளே சுருண்டிருக்கும் டி.என்.ஏ. என்னும் மரபிழை அவ்வளவாக அறுபடுவதில்லை என்று அவள் கண்டிருந்தாள். ஒரு மதியச் சாப்பாட்டின் நடுவே அதை வீட்டாரிடம் சொல்லியுமிருந்தாள். ‘கதிர்வீச்சும் இந்த இழையைத்தான் அறுக்கும்’ என்று விளக்கத்துக்காக ஒரு வாக்கியத்தையும் சேர்த்திருந்தாள். பிறருடைய கட்டுரைகளில் மிகையான சொற்களைத் தேடித் தேடிக் களைகிறவள், தன் பேச்சில் அந்த ஒரு வாக்கியத்தைக் களையாமல் விட்டிருந்தாள்.

“நிறுத்திடு,” என்றாள் இப்போது.

“ஏன்டி? நீதானே சொன்னே, நூல் அறாம காக்கும்னு. இங்க பாரு.” அக்கா சேலையைச் சற்று விலக்கிக் காட்டினாள். “எனக்கு முன்னாடி உள்ள போற அம்மாவுக்குத் தோலு கறுத்து உரிஞ்சே போச்சு. எனக்கு லேசா சிவந்திருக்கு, அவ்வளவுதான். அந்த அம்மா தினமும் என்னைப் பாத்து பெருமூச்சு விடுது.”

தங்கை அந்தத் தோலைப் பார்த்தாள். இவ்வளவு கதிருக்குப் பிறகும் அது ஏறக்குறையப் பழுதில்லாமல் இருந்தது. வேறு எவரும் அதைக் கண்டு மகிழ்ந்திருப்பார்கள். அவளால் மகிழ முடியவில்லை. கதிர்வீச்சு நோயைத் தீர்ப்பது, புற்றுச் செல்லின் இழையை அறுப்பதனால்தான். அறாமல் காக்கும் இலை ஒன்று உடம்புக்குள் போனால், அது தோலை மட்டும் காத்துவிட்டு ஒதுங்கி நிற்குமா? நல்ல செல் எது, கெட்ட செல் எது என்று இலை விசாரித்தா பார்க்கும்?

அதற்குள் மாமா உள்ளிருந்து வந்தார். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். உயரமான கட்டடங்களில் கம்பிகளுக்கு நடுவே தொங்கிப் பழகியதால் எதையும் கம்பிக் கணக்காகவே யோசிப்பார்.

“என்னம்மா, நிறுத்தச் சொல்றியாமே? எந்த லிஃப்டாவது ஒத்தைக் கம்பியில ஓடுதா? ஒண்ணு அறுந்தா இன்னொண்ணு தாங்கணும். டாக்டர் ஒரு கம்பி. உன் இலை இன்னொரு கம்பி.”

“மாமா, அதை இன்னும் மனுஷங்க மேல சோதிக்கல. நான் பாத்ததெல்லாம் தட்டுல.”

“நாங்களும் தட்டுல போட்டுத்தான் சாப்பிடுறோம்,” என்றார் மாமா.

அக்கா சிரித்தாள். சிரிப்பு ஓய்ந்ததும் தங்கையின் முகத்தைக் கவனித்தாள். “என்னடி? ஏதாவது தப்பா?”

“தப்புன்னு சொல்லல. தெரியல. தெரியற வரைக்கும் வேண்டாம்.”

“சரி, குடிக்கல. அதுக்கு ஏன் உன் முகம் இப்படிப் போகுது?”

தங்கை மீண்டும் அந்தத் தம்ளரைப் பார்த்தாள். இனிமேல் குடிக்காமல் இருப்பது எளிது. இதுவரை குடித்ததற்கு என்ன செய்வது? ஒரே இடத்தில் கதிர்வீச்சை மறுபடியும் முழுதாகக் கொடுக்க இயலாது என்று முதல் நாளே மருத்துவர் சொல்லியிருந்தார். அதற்கு மேல் உடம்பு தாங்காது. இலை கெட்ட செல்களையும் காத்திருந்தால், இத்தனை நாள் அக்கா அந்த இயந்திரத்தின் கீழே மூச்சை அடக்கிப் படுத்திருந்ததெல்லாம் விழலுக்கு இறைத்த நீர்.

*

பேராசிரியரின் அறைச் சுவரில் வேலிக்கொடியின் வரைபடம் பெரிய அளவில் ஒட்டப்பட்டிருந்தது. ஒரு துளிச் சாறு, இரண்டு துளி, நான்கு துளி. சாறு கூடக்கூடச் சேதம் படிப்படியாக இறங்கியது. அதைப் பற்றி ஒரு பெரிய அறிவியல் கூட்டத்தில் அவர் பேசவிருந்தார். அந்தப் படிக்கட்டில் தானே இறங்கி வருவது போன்ற ஒரு நடை அண்மைக்காலமாக அவருக்கு வந்திருந்தது.

“புற்றுச் செல்லையும் காக்குதான்னு பாக்கணும் சார்,” என்றாள்.

“பாக்கலாமே. கூட்டம் முடியட்டும். அது அடுத்த கட்டுரைம்மா. ஒரே இலையில ரெண்டு பந்தி வைக்க முடியுமா?”

“இப்பவே தெரியணும் சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். அவள் எதையும் அவசரமாகக் கேட்டு அவர் கண்டதில்லை. “மிச்சம் இருக்கிற சாறை வச்சு செஞ்சுக்கோ,” என்றார். “ஆனா காக்கலைன்னு வந்தா நல்லா இருக்கும். நல்ல செல்லை மட்டும் காக்குதுன்னு சொன்னா சபை எழுந்து நிக்கும்.”

காக்கவில்லை என்று வரவேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. காரணங்கள்தாம் வேறு.

செல்களை வளர்க்கும் அறை ஒரு சக ஆய்வாளனின் ஆட்சியில் இருந்தது. புட்டிகளில் விதவிதமான செல்களை அவன் விதைத்து, நீர் மாற்றி, அறுவடை செய்து வந்ததால் அவனைப் ‘பண்ணையார்’ என்றார்கள். அவனும் அந்தப் பட்டத்துக்கு ஏற்றபடியே பேசுவான்.

“வாங்க தராசு. என்ன வேணும்? வயல் எல்லாம் நல்லா விளைஞ்சிருக்கு.”

“மார்புப் புற்றுச் செல்.”

“அதுக்கென்ன, களை மாதிரி வளருது. சாகடிச்சாலும் சாகாது. நம்ம பேராசிரியர் மாதிரி ஒரு பிடிவாதம்.” சொல்லிக்கொண்டே அவளைப் பார்த்தவன் குரலைத் தணித்தான். “யாருக்கு?”

“எங்க அக்கா. ரேடியேஷன் எடுத்துக்கிட்டே நம்ம இலையைக் காய்ச்சிக் குடிச்சிருக்கா.”

சாகடித்தாலும் சாகாது என்று சொன்ன வாயைப் பண்ணையார் புறங்கையால் துடைத்துக்கொண்டான். பிறகு, “எத்தனை தட்டு வேணும்னு சொல்லுங்க,” என்றான்.

*

அக்கா குடித்தது ஆய்வகச் சாறு அன்று. வீட்டில் தண்ணீரில் காய்ச்சிய கஷாயம். ஆகவே அதையும் சோதித்தாக வேண்டும். தங்கை ஒரு காலையில் ஃபிளாஸ்க்குடன் போய் நின்றாள்.

“லேபுக்கே போகுதா?” மாமாவின் முகத்தில் இருந்த பெருமை அவளைக் குத்தியது. “சர்க்கரை எதுவும் போடலம்மா. அக்காவுக்கு எப்படிக் காய்ச்சுவேனோ அதே பக்குவம். கொஞ்சம் கூடவே ஊத்துறேன், உங்க சாரும் குடிக்கட்டும்.”

அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தாள். தைக்க உட்காரவில்லை. சேலைக்கு மேல் ஒரு மெல்லிய துணியைப் போர்த்தியிருந்தாள்.

“என்னக்கா?”

“ஒண்ணுமில்ல. எரியுது.”

துணியை விலக்கியபோது கோடுகளுக்கு உள்ளே தோல் கறுத்திருந்தது. அக்குளருகே உரியத் தொடங்கியிருந்தது.

“பாத்தியா?” என்றார் மாமா, வாசற்படியில் நின்றபடி. குரலில் கோபம் இல்லை; அதுதான் கடுமையாக இருந்தது. “குடிச்ச வரைக்கும் ஒண்ணும் ஆகல. நீ நிறுத்தச் சொன்னே. நாலு நாள்ல வெந்துபோச்சு. நான் படிச்சவன் இல்லம்மா. ஆனா கம்பியைக் கழட்டினதும் பெட்டி ஆடுச்சுன்னா, கம்பிதான் தாங்கிச்சுன்னு எனக்குத் தெரியும்.”

“விடுங்களேன்,” என்றாள் அக்கா. “அவ என்ன வேணும்னா செய்வா?”

மாமா சொன்னதில் தர்க்கப் பிழை எதையும் தங்கையால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவருக்கு அது இலையின் பெருமை. அவளுக்கோ, இலை வேலை செய்திருக்கிறது என்பதற்கு அக்காவின் உடம்பே எழுதிக் கொடுத்த சாட்சி. தோலைத் தாங்கியது என்றால் தோலுக்குக் கீழே இருப்பதையும் தாங்கியிருக்கும். ஃபிளாஸ்க்கை அணைத்துக்கொண்டு பேருந்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்திலிருந்த பெண், “சாப்பாடா? ஆஸ்பத்திரிக்கா?” என்று பரிவோடு கேட்டாள். ஆமாம் என்று தலையசைத்தாள். விளக்குவதைவிட அது எளிதாக இருந்தது, முழுப் பொய்யுமன்று.

*

சோதனைக்கு முன்னால் அட்டவணை போடுவது அவள் வழக்கம். எந்தத் தட்டில் என்ன ஊற்றினாலும், அதற்கு இணையாக ஒரு வெறுந்தட்டு இருக்க வேண்டும். கஷாயம் ஊற்றும் தட்டுக்கு இணையாக அதே அளவு வெறும் தண்ணீர் ஊற்றிய தட்டு. மாமாவின் கஷாயம் நீர்த்திருந்ததால் நிறைய ஊற்ற வேண்டியிருந்தது. அதே அளவு தண்ணீரை எதிர்க் கட்டத்தில் எழுதினாள்.

அடுத்தது ஆய்வகச் சாறு. அந்தச் சாறு தண்ணீரில் கரையாது. பூண்டு நாற்றம் அடிக்கும் ஒரு கரைப்பானில்தான் கரையும். கரைத்ததை ஒரு துளி, இரண்டு துளி, நான்கு துளி என்று விடுவார்கள். இணையான வெறுந்தட்டில் ஒரு துளிக் கரைப்பான் மட்டும் விடுவார்கள். முதல் நாள் அப்படித் தொடங்கியது. பிறகு எப்போதும் அப்படியே. கஷாயத்துக்கு அளவுக்கு அளவு இணை எழுதிவிட்டுப் பார்த்தபோது, இந்த முறை போடவிருந்த நான்கு துளிச் சாற்றின் எதிர்க்கட்டம் காலியாக இருந்தது. காலிக் கட்டம் அவள் கண்ணை உறுத்தும். ‘கரைப்பான் மட்டும், நான்கு துளி’ என்று எழுதி அதை நிரப்பினாள். வேறு எண்ணம் ஒன்றும் அப்போது அவளுக்கு இல்லை.

ஆய்வகத்தில் கதிர் இயந்திரம் கிடையாது. பெராக்சைடு என்னும் நச்சு நீர்மம் மரபிழையை ஏறக்குறைய அதே விதமாக அறுக்கும் என்பதால் அதைப் பயன்படுத்தினார்கள். எல்லாத் தட்டுகளிலும் அதை இட்டு, செல்களைக் கண்ணாடி ஸ்லைடுகளின் மேல் கூழில் பதித்து, மின்சாரம் பாய்ச்சினார்கள். இழை அறாத செல், நுண்ணோக்கியில் உருண்டையான ஒளிப்பொட்டாகத் தெரியும். அறுந்த செல்லிலிருந்து துண்டுகள் ஒரு பக்கமாக ஓடி, வால்நட்சத்திரம் போல வால் விடும். வால் எவ்வளவு நீளமோ அவ்வளவு சேதம்.

எந்த ஸ்லைடு எதனுடையது என்பது எண்ணுகிறவருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் மனம் கண்ணை இழுக்கும். பண்ணையார் ஸ்லைடுகளின் பெயர்களைக் கறுப்பு நாடாவால் மறைத்து, மேலே குறியெழுத்து எழுதி, கலைத்துக் கொடுத்தான்.

“நானும் தனியா ஒரு தடவை எண்ணுறேன்,” என்றான். “நீங்க கேக்கலன்னாலும்.”

“கேக்கலாம்னுதான் இருந்தேன்.”

இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே நடுப்பகல்; உள்ளே பச்சை ஒளிப்பொட்டுகள் மட்டும். இத்தனை வருடமும் அவள் அந்த இருக்கையில் உட்கார்ந்து உருண்டைகளைத்தான் எதிர்பார்த்திருக்கிறாள். ஒவ்வோர் உருண்டையும் காப்பாற்றப்பட்ட ஒரு செல். இன்றைக்கு வால் வேண்டியிருந்தது. வால்மேல் வாலாக, ஸ்லைடு முழுவதும் வாலாக வேண்டியிருந்தது. அழிவை வேண்டி ஒருத்தி இவ்வளவு உருக்கமாக உட்கார்ந்திருப்பது அவளுக்கே விநோதமாகப் பட்டது.

முதல் ஸ்லைடில் நீண்ட வால்கள். இது எதுவாக இருக்கும்? கஷாயமாக இருந்தால்? வெறும் தண்ணீராகவும் இருக்கலாம். நினைக்காதே, எண்ணு. இரண்டாவது ஸ்லைடில் உருண்டைகள். ஒரு செல்லின் ஓரத்தில் மங்கலான கசிவு தெரிந்தது. வால் என்று எழுதினாள். வால்தானா? குவியத்தைத் திருத்திப் பார்த்தாள். வேறொரு நாளாக இருந்தால் இதை உருண்டை என்று எழுதியிருப்பாள். அடித்துவிட்டு உருண்டை என்று எழுதினாள். இப்போது அச்சம் தன்னை எதிர்ப்பக்கமாகத் தள்ளுகிறதோ என்று தோன்றியது. மறுபடியும் பார்த்தாள். அந்தப் பொட்டு எதுவும் சொல்லாமல் ஒளிர்ந்தது.

பையில் செல்பேசி அதிர்ந்தது. அக்காவின் செய்தி: “எரிச்சல் தாங்கல. ஒரே ஒரு வாய் குடிச்சுக்கவா?”

அவள் விரல்கள் அவசரத்தில் மூன்று பிழைகள் செய்தன. மூன்றையும் திருத்திவிட்டு அனுப்பினாள்: “வேண்டாம். டாக்டர்கிட்ட களிம்பு கேள். நான் சாயங்காலம் வர்றேன்.”

*

இரண்டு பேரும் எண்ணி முடித்தபின், பண்ணையார் வேலை மேசையின் மேல் ஸ்லைடுகளை வரிசையாக வைத்தான். அவன் எண்ணியதும் அவள் எண்ணியதும் ஒத்துப்போயின. அவளை இரண்டு மனமாக்கிய அந்தச் செல்லை அவன் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டிருந்தான். “அது மங்கல். மங்கலை எல்லாம் நான் மதிக்கிறதில்ல,” என்றான்.

நாடாவை ஒவ்வொன்றாக உரித்தான்.

“வெறும் செல், எதுவும் ஊத்தல. நீள வால். சரிதான்.” அடுத்தது. “நாலு துளிச் சாறு.” நிறுத்தினான். “உருண்டை. வால் அநேகமா இல்ல.”

மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டாள். புற்றுச் செல்லைச் சாறு காத்திருந்தது. அதுவும் நன்றாகவே, ஒரு தாய் காப்பது போலக் காத்திருந்தது. அக்கா சேலையை விலக்கிக் காட்டிய அந்தப் பழுதற்ற தோல் அவள் கண்முன் வந்தது.

“உக்காருங்க,” என்றான் பண்ணையார்.

“அடுத்ததை உரிங்க.”

உரித்தான். படித்தான். மறுபடியும் படித்தான். “என்ன இது? கரைப்பான் மட்டும், நாலு துளின்னு இருக்கு. இது எதுக்குப் போட்டீங்க?”

“கட்டம் காலியா இருந்துச்சு. என்ன வந்திருக்கு?”

“உருண்டை.”

“இலை இல்லாமலா?”

“இலை வாசமே இல்லாம. சாறு போட்டதுல என்ன வந்துச்சோ, அதேதான்.”

இருவரும் அந்த இரண்டு ஸ்லைடுகளையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தங்கைக்கு அது ஒரேயடியாகப் புரியவில்லை. படிப்படியாக, சுவரில் இருந்த அந்த வரைபடம் இறங்குவது போலவே இறங்கியது. ஒரு துளி, இரண்டு துளி, நான்கு துளி. சாற்றைக் கூட்டியபோதெல்லாம் கரைப்பானும் கூடியது. அந்தக் கரைப்பானுக்கே நச்சை உறிஞ்சித் தணிக்கும் குணம் உண்டு என்று அவள் எப்போதோ படித்தது இப்போது நினைவுக்கு வந்தது. வெறுந்தட்டில் மட்டும் என்றைக்கும் ஒரே துளி. இத்தனை காலமும் இலை காத்தது என்று அவர்கள் எழுதியதெல்லாம் இலையைச் சுமந்து வந்த கரைப்பான் செய்த வேலை. பல்லக்கில் இருந்தவருக்கு மாலை போட்டிருந்தார்கள். நடந்து வந்தவர் தூக்கியவர்.

“தராசு,” என்றான் பண்ணையார் மெல்ல, “நம்ம கட்டுரை...”

“கஷாயத்தை உரிங்க.”

அவன் நாடாவை உரித்தான்.

“வால்,” என்றான். “நீளமா. தண்ணி ஊத்தினதுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல. உங்க மாமா காய்ச்சினது புற்றுச் செல்லுக்கு ஒரு மயிரளவு உதவியும் செய்யல.”

அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். தன் பல வருட உழைப்பு மேசையின் மேல் செத்துக் கிடக்கும்போது, அவளுக்கு வந்த கண்ணீர் அதற்காக வரவில்லை.

*

பேராசிரியர் இரண்டு முறை எண்களைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

“ஒரு துளியோட நிறுத்தியிருந்தா இந்தக் குழப்பமே இல்லையேம்மா.”

“ஒரு துளியில ஒண்ணும் தெரியல சார். அதனாலதான் நாலு துளிக்குப் போனோம்.”

“ஆமாம்,” என்றார். “அதனாலதான் போனோம்.” எண்கள் இருந்த தாளை மடித்து வைத்தார். “ரத்தச் செல்லுலயும் இதே இணைத் தட்டு போட்டுப் பாத்துடு. பாக்காம விட முடியாது. கூட்டத்துக்கு நான் எழுதிடுறேன், பேச்சு இல்லைன்னு.” பின் அவளை ஏறிட்டுப் பார்த்தார். “எனக்கு இடி விழுந்த மாதிரி இருக்கு. உன் முகத்துல ஏன் ஒரு தெளிவு?”

காரணத்தைச் சொன்னாள். அவர் கேட்டு முடித்ததும் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கி, துடைத்துக்கொண்டே இருந்தார்.

“வால் நல்லா நீளமா இருந்துச்சா?”

“இருந்துச்சு சார்.”

“ரெண்டு பேர் எண்ணினீங்களா?”

“ரெண்டு பேரும்.”

“அப்ப சரி,” என்றார். சுவரிலிருந்த வரைபடத்தைக் கழற்ற அவரே எழுந்தார். ஒரு மூலையில் பசை விடவில்லை. அவள் மற்ற மூலையைப் பிடித்துக்கொண்டாள்.

*

மருத்துவமனையின் அடித்தளத்தில், கனத்த கதவுக்கு வெளியே நாற்காலிகள் வரிசையாக இருந்தன. அக்காவை உள்ளே அனுப்புவதற்கு முன் தங்கை மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மருத்துவர் குறுக்கிடாமல் கேட்டார். அப்படிக் கேட்பது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

“முதல் நாளே கேட்டேனே, வேற ஏதாவது எடுத்துக்கிறீங்களான்னு?”

“நீங்க மாத்திரையைக் கேக்குறீங்கன்னு நினைச்சேன் டாக்டர்,” என்றாள் அக்கா. “இலையைப் போய் யாராவது மருந்துன்னு சொல்வாங்களா? அது வேலியில இருக்கு.”

மாமா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். “டாக்டர், தோலு? குடிச்சப்ப நல்லா இருந்துச்சே. நிறுத்தினதும்தான்...”

“தோல் எல்லாருக்கும் கடைசியிலதான் கறுக்கும். நிறுத்தாம குடிச்சிருந்தாலும் இதே வாரம் இதே மாதிரிதான் ஆகியிருக்கும். முன்னாடி போற அம்மா உங்களுக்கு முன்னாடியே ஆரம்பிச்சவங்க.” பிறகு தங்கையின் பக்கம் திரும்பினார். “உங்க சோதனை நல்ல சேதிதான். ஆனா தட்டுல நடந்தது உடம்புல அப்படியே நடக்கணும்னு இல்ல. அது உங்களுக்கே தெரியும்.”

“தெரியும் டாக்டர்.”

“முடிச்சு கொஞ்ச நாள் கழிச்சு ஸ்கேன் பாப்போம். அதுவரைக்கும் நானும் உங்களை மாதிரித்தான்.”

தங்கைக்குத் தெரிந்த வரையில் அந்த வாக்கியத்தில் மிகையான சொல் எதுவும் இல்லை. முள் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் முன்போல் தலைகுப்புறச் சாயவில்லை.

கதவு திறக்கக் காத்திருந்த நேரத்தில் அக்கா கேட்டாள். “எனக்குப் புரியற மாதிரி சொல்லு. அந்த இலை என்னதான் செஞ்சுது?”

“ஒண்ணும் செய்யலக்கா. நல்லதும் செய்யல, கெட்டதும் செய்யல. அப்படித்தான் தெரியுது. நாங்க கலக்குற கரைப்பான்தான் காத்திருக்கு. நாங்க இலைன்னு நினைச்சுட்டோம்.”

“ஓ. மேல்துணிதான் குளிரைத் தாங்குதுன்னு சொல்லிட்டு இருந்தீங்க. கடைசியில பாத்தா உள்ள வச்ச லைனிங்.”

“அப்படித்தான்.”

“அப்ப இத்தனை நாள் நான் தெம்பா இருந்தேனே? தினமும் வந்து படுத்து எழுந்து போய் தச்சேனே? இலை இருக்குன்னுதானே பயம் இல்லாம இருந்தேன். அது வெறும் கசப்புத் தண்ணின்னா, தாங்கினது யாரு? நானா?”

“நீதான்க்கா.”

“அடிப்பாவி,” என்றாள் அக்கா. “முதல்லயே தெரிஞ்சிருந்தா பயந்தே செத்திருப்பேன்.”

கதவு திறந்தது. கோடு போட்ட அதே பெண் வந்து பெயரைக் கூப்பிட்டாள். அக்கா எழுந்து, வலிக்காத கையால் சேலையைத் திரட்டிக்கொண்டு உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது, அதன் மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே இழைகள் அறுந்துகொண்டிருக்கும். அறுந்துபோகட்டும் என்று தங்கை நினைத்தாள்.

மாமா அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, அவள் பக்கமாகச் சற்றுச் சாய்ந்து, ரகசியம் பேசுகிறவரைப் போலக் கேட்டார்.

“ஏம்மா, அந்தக் கரைப்பான்னு சொன்னியே. அது கடையில கிடைக்குமா?”

தங்கை அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. அறுந்த கம்பிக்குப் பதிலாக இன்னொரு கம்பி தேடுகிறார். பல பதில்கள் அவளுக்குத் தோன்றின. ஒவ்வொன்றையும் எடை போட்டாள், இருமுறை போட்டாள்.

“கிடைக்காது மாமா,” என்றாள்.

விளக்கு அணையும் வரை இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.